கொயினா ஒரு கைக்குள் அடங்கிய கதை

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக ஊவாவுக்கு ஏறும் பெருவழியிலே ஹல்துமுல்லை அமைந்துள்ளது. தெற்கே நோக்கினால் சப்பிரகமுவத் தாழ்நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும். வடக்கே ஹப்புத்தளை மலைத்தொடர் மதிலெனச் செங்குத்தாக எழுந்து நிற்கும். புகைவண்டிப் பாதை 1893 ஆம் ஆண்டில் ஹப்புத்தளையை அடையும் வரையில், ஊவாவின் விளைபொருளில் ஒரு பகுதி இவ்வழியே மாட்டுவண்டிகளில் இறங்கி, இரத்தினபுரியில் படகேறி, களுகங்கை வழியாகக் களுத்துறையை அடைந்தது. இன்று இப்பக்கத்துச் சரிவுகளில் தேயிலையைக் காண்கிறோம். தேயிலைக்கு முன்னே கோப்பி இருந்தது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அவ்விரண்டுக்கும் இடையிலே மலைநாட்டில் சிறிது காலம் ஓங்கி நின்று, பின்னர் சுவடின்றி மறைந்துபோன மூன்றாவது பயிர் ஒன்று உண்டு. அதை அறிந்தோர் சிலரே. அப்பயிர் சிங்கோனா. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மருந்து அம்மரத்தின் பட்டையிலிருந்து கிடைப்பது.

ஒரு காலத்தில் இலங்கையின் மலைகள் உலகச் சந்தையையே சிங்கோனாப் பட்டையால் நிரப்பின. ஐம்பது ஆண்டுகள் செல்வதற்குள், அதே இலங்கையில் காய்ச்சலால் மடிந்துகொண்டிருந்த மக்களுக்குக் கொடுக்கப்பட்ட கொயினாவின் விலையை, அம்ஸ்டர்டாம் நகரத்தில் உள்ள ஒரே ஒரு காரியாலயம் நிர்ணயிக்கும் நிலை வந்துவிட்டது. இம்மாற்றம் படையெடுப்பினாலோ அரச ஆணையினாலோ நேர்ந்ததன்று. மரத்தை நட்டவர்களே அதனை வேரோடு பறித்ததனால் நேர்ந்தது.

மலைநாட்டுத் தமிழருடைய வரலாற்றோடு இம்மருந்துக்கு நெருங்கிய தொடர்புண்டு. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் கூட்டங்கள் மன்னாரில் கரையேறி, காட்டுவழியே மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என நடந்தே மலைநாட்டை அடைந்தன. அந்த வடபாதை நெடுகிலும் பசியும் பேதியும் காய்ச்சலும் காத்துக் கிடந்தன. குளிர்ந்த மலையுச்சிக்கு ஏறிவிட்டால் நுளம்பின் கொடுமை குறையும். ஆயினும் ஊவாவின் அடிவாரத்திலே, வெல்லவாயப் பக்கத்து வெப்பக் காடுகளை அடுத்து வாழ்ந்தோர்க்கு முறைக்காய்ச்சல் ஆண்டுதோறும் வரும் விருந்தாளியாகவே இருந்தது. அதற்கு அக்காலத்தில் மனிதன் அறிந்திருந்த உறுதியான மருந்து ஒன்றே ஒன்றுதான். பொடியாகவும் கரைசலாகவும் மாத்திரையாகவும் கொடுக்கப்பட்ட அந்தக் கசப்பு மருந்தை மறுப்பதற்கும் வழியில்லை. அதற்குப் பதிலாக வேறொன்றைக் கேட்பதற்கும் வழியில்லை. இத்தகைய பண்டத்தை யார் தம் கையில் வைத்திருக்கிறார்கள் என்னும் கேள்வி வெறும் வாணிபக் கேள்வி ஆகாது.

சிங்கோனாவின் தாய்நாடு தென்னமெரிக்காவிலுள்ள அண்டீஸ் மலைத்தொடர். அதன் பட்டை காய்ச்சலைத் தணிக்கும் என்பதைப் பதினேழாம் நூற்றாண்டில் யேசு சபைத் துறவிகள் வாயிலாக ஐரோப்பா அறிந்தது. 1820 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் பெல்லத்தியே, கவந்து என்னும் இரு மருந்தியலறிஞர் அப்பட்டையிலிருந்து கொயினாச் சத்தைத் தனியே பிரித்தெடுத்தனர். அதன் பின்னர், பட்டையின் தரத்தை அளந்து விலை கூற முடிந்தது. அன்று உலகிற்குத் தேவையான பட்டை முழுவதும் அண்டீஸ் காடுகளிலிருந்தே வந்தாக வேண்டும். பெரு, பொலிவியா முதலிய நாடுகள் அந்த வாய்ப்பை எளிதில் விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. விதை வெளியேறாமல் காப்பதில் அவை கருத்தாக இருந்தன. உலகம் கண்ட முதலாவது கொயினாத் தனியுரிமை இதுவே.

அதனை உடைக்கும் நோக்கத்துடன் ஆங்கில அரசு 1859 ஆம் ஆண்டில் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பவரை அனுப்பிற்று. அவருக்குத் துணையாக எக்குவடோர் நாட்டில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்புரூஸ் 1860 ஆம் ஆண்டில் செம்பட்டைச் சிங்கோனாவின் விதைகளைத் திரட்டினார். அவை நீலகிரிக்கு வந்து, உதகமண்டலத்தில் மக்கைவர் என்பவரின் கையில் செழித்து முளைத்தன. இலங்கையிலும் இப்பயிருக்கென்றே 1861 ஆம் ஆண்டில் ஒரு தோட்டம் திறக்கப்பட்டது. நுவரெலியாவிலிருந்து வெலிமடை வழியாகப் பதுளைக்குச் செல்வோர் இன்று மலர்ப் பூங்காவாகக் கண்டு களிக்கும் ஹக்கலைத் தோட்டமே அது. மலர்களுக்காக அது அமைக்கப்படவில்லை என்பதைப் பார்வையாளருள் எத்தனை பேர் அறிவரோ!

பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவைற்ஸ் நாற்றுகளைக் கொடுக்க ஆயத்தமாயிருந்தார். வாங்குவோர்தாம் இல்லை. கோப்பி பொன்னாக விளைந்த காலம் அது. பட்டை உரிக்க ஏழெட்டு ஆண்டுகள் காத்திருக்கும் மரத்தைத் துரைமார் ஏன் நாடப்போகின்றனர்? வேலியோரத்திலும் பாதையோரத்திலும் சிலர் சில மரங்களை நட்டதோடு சரி.

1869 ஆம் ஆண்டில் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சட் பொடி படர்ந்திருக்கக் கண்டார்கள். அந்தத் துருநோய் ஆண்டுக்காண்டு மலை தாண்டி மலை பரவிற்று. முதற் சில ஆண்டுகளில் விலை உயர்ந்திருந்தமையால் நோயின் கடுமை மறைந்து நின்றது. துரைமார் மேலும் மேலும் காட்டை வெட்டிக் கோப்பியையே நட்டனர். எழுபதுகளின் இறுதியில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் கோப்பி நின்றது. அடுத்த பத்தாண்டுகளில் அதன் கதை முடிந்தது. 1884 ஆம் ஆண்டில் ஓரியண்டல் வங்கி முறிந்தது. கடன்பட்ட தோட்டங்கள் கைமாறின. கூலி நிலுவையைப் பெறாமலே ஊர் திரும்பிய தொழிலாளர் பலர்.

கோப்பி தளர்ந்த அந்த வேளையில்தான் ஹக்கலை நாற்றுக்கு மதிப்பு வந்தது. ஓர் அவுன்சுக் கொயினா பன்னிரண்டு ஷில்லிங் வரை விலை போன காலம். கோப்பிச் செடிகளின் இடையிலேயே சிங்கோனாவை நட்டார்கள். ஹப்புத்தளை, பண்டாரவளை, பதுளை எனத் தோட்டங்கள் பெருகியிருந்த ஊவாவும் இதில் பின்தங்கவில்லை. 1883 ஆம் ஆண்டளவில் இலங்கையில் சுமார் 64,000 ஏக்கரில் சிங்கோனா நின்றது. எண்பதுகளின் நடுவில் ஏற்றுமதியான பட்டை ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி இறாத்தலை எட்டிற்று. இலண்டன் மிஞ்சிங் லேன் ஏலக்கூடங்களில் இலங்கைப் பட்டை மலையாகக் குவிந்தது. பட்டையை உரித்ததும், வெயிலில் உலர்த்தியதும், மூட்டை கட்டிச் சுமந்ததும் தமிழ்த் தொழிலாளரின் கைகளே என்பதை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை.

குவிந்த பொருள் விலையை வீழ்த்தும் என்பது அங்காடிக்குப் போகும் எவரும் அறிந்த உண்மை. தக்காளி மலிந்த நாளில் வெலிமடை உழவன் படும் பாட்டைக் கண்டவர்க்கு இதில் வியப்பில்லை. ஆனால் தக்காளி மூன்று மாதப் பயிர், மரம் அப்படியன்று. விலை உயர்ந்திருக்கும்போது எல்லாரும் ஒருங்கே நடுகின்றனர். பட்டை முற்றும்போது எல்லாருடைய பட்டையும் ஒருங்கே சந்தைக்கு வருகின்றது. விலை சரியத் தொடங்கியதும், அயலான் விற்பதற்கு முன் தான் விற்றுவிட வேண்டும் என்று ஒவ்வொருவரும் விரைகின்றனர். அந்த விரைவே விலையை மேலும் வீழ்த்துகின்றது. கடன்காரன் வாசலில் நிற்கையில் பொறுத்திருந்து விற்க யாரால் இயலும்? ஈரக் களிமண்ணில் வேரழுகல் நோய் வேறு மரங்களை வருத்திற்று. பட்டையைச் சிறிது சிறிதாகச் சீவி மரத்தை வாழவைக்கும் முறைகள் அறியப்பட்டிருந்தன. எனினும் பலர் மரத்தையே வேரோடு பெயர்த்து, வேர்ப்பட்டையையும் விடாமல் உரித்து விற்று, அந்தக் குழியிலேயே தேயிலையை நட்டார்கள். தேயிலை மூன்றாம் ஆண்டிலேயே கொழுந்து தருவது. பன்னிரண்டு ஷில்லிங் விற்ற கொயினா பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஓரிரு ஷில்லிங்குக்கு வந்துவிட்டது. 1890 ஆம் ஆண்டில் தோமஸ் லிப்டன் வந்து தம்பேதனை முதலிய தோட்டங்களை வாங்கியபோது, ஊவாவின் எதிர்காலம் தேயிலையே என்பது முடிவாகிவிட்டது. நூற்றாண்டு நிறைவதற்குள் இலங்கையின் பட்டை ஏற்றுமதி அற்பமாய்க் குன்றிற்று.

தோட்டத்துரைமாரின் கணக்கில் இது நட்டம். காய்ச்சற்காரனின் கணக்கில் அவ்வாறு சொல்ல முடியாது. வங்காளத்தில் அரசினர் 1892 ஆம் ஆண்டு முதல் தபாற்கந்தோர்களிலே காசுக்கு ஒரு பொட்டலமாகக் கொயினாவை விற்கத் தொடங்கினர். அப்பொட்டலங்களுக்கான பட்டை டார்ஜிலிங் மலையிலுள்ள அரசுத் தோட்டத்தில் விளைந்தது எனினும், உலக விலை விழுந்த காலமாதலின் ஏழையின் கைக்கும் அம்மருந்து எட்டத் தொடங்கிற்று என்பதை மறுக்க இயலாது. போட்டி கடுமையாக இருந்த அந்தச் சில ஆண்டுகளே மருந்து மலிவாயிருந்த ஆண்டுகள். இலங்கை மரங்கள் மறைந்தபோது அம்மலிவைத் தாங்கி நின்ற தூண்களுள் ஒன்று சாய்ந்தது.

இனிப் பழந்தமிழர் சாவகம் என்றழைத்த ஜாவாவுக்குச் செல்வோம். அங்கே ஆண்டுகொண்டிருந்த ஒல்லாந்தர் ஆங்கிலேயருக்கு முன்னரே சிங்கோனாவைக் கொணர்ந்தவர்கள். 1854 ஆம் ஆண்டிலேயே ஹாஸ்கார்ல் என்பவர் கன்றுகளுடன் வந்திறங்கினார். ஆனால் அவருக்குப் பின் பொறுப்பேற்ற யுங்ஹூன் என்னும் அறிஞர், தவறான இனத்தை இலட்சக்கணக்கில் நட்டுவிட்டார். மரங்கள் அழகாக வளர்ந்தன; பட்டையில் சத்து இல்லை. இத்தகைய பெருந்தோல்விக்குப் பின்னரும் அம்முயற்சியைக் கைவிடாததே ஒல்லாந்தரின் சிறப்பு எனலாம்.

அவர்களுக்கு நற்பேறு ஒரு பை விதையின் உருவில் வந்தது. சார்ல்ஸ் லெட்ஜர் என்னும் ஆங்கில வணிகர் தென்னமெரிக்காவில் வாழ்ந்தவர். அவரிடம் பணிபுரிந்த மனுவேல் இன்க்ரா மமானி என்னும் பொலிவிய நாட்டுப் பழங்குடியினர் எந்த மரத்தின் பட்டை சிறந்தது என்பதைக் கண்ணாற் கண்டே சொல்ல வல்லவர். உறைபனி பூவைக் கருக்கிய ஆண்டுகளையெல்லாம் பொறுத்திருந்து, விதை நன்கு முற்றிய பின்னர் அதைச் சேகரித்து, மலைகளைக் கடந்து நெடுந்தூரம் நடந்து வந்து 1865 ஆம் ஆண்டில் லெட்ஜரிடம் ஒப்புவித்தார். இலண்டனில் அவ்விதையை ஆங்கில அரசுக்குக் கொடுக்க முன்வந்தபோது, வேண்டாம் என்று கூறிவிட்டனர். ஒல்லாந்த அரசு ஓர் இறாத்தல் மட்டும் வாங்கிற்று. முதலிற் கொடுத்த விலை ஏறக்குறைய நூறு பிராங்கு. எஞ்சிய விதையில் ஒரு பகுதி இந்தியாவிலிருந்து வந்த ஒரு தோட்டக்காரர் வழியாக இந்தியாவுக்குச் சென்று, பெரும்பயன் தராமற் போயிற்று. லெட்ஜருக்கு முதுமையில் ஒல்லாந்தர் சிறியதோர் உபகாரச் சம்பளம் வழங்கினர். மமானியோ தம் நாட்டு அதிகாரிகளாற் சிறையிடப்பட்டு, அடியுண்டு மாண்டார். மரத்துக்கு ‘லெட்ஜரியானா’ என்று பெயர் வழங்குகின்றது. மமானியின் பெயரை அது தாங்கியிருக்கவேண்டும் என்று எண்ணுவோரைக் குறைகூற முடியாது.

அந்த ஓர் இறாத்தல் விதையிலிருந்து ஜாவாவில் ஏறத்தாழ இருபதாயிரம் நாற்றுகள் எழுந்தன. பேர்னலோட் மூன்ஸ் என்னும் இரசாயன அறிஞர் மரம் மரமாகப் பட்டையைச் சோதித்து, சத்து மிகுந்தவற்றை மட்டும் தேர்ந்து பெருக்கினார். லெட்ஜரியானா மென்மையான மரம். எல்லா மண்ணிலும் வேர் கொள்ளாது. இலங்கையிலும் நீலகிரியிலும் பரவியிருந்த செம்பட்டை இனமோ முரட்டு வேருடையது. ஆகவே செம்பட்டையின் அடிக்கட்டையில் லெட்ஜரியானாவை ஒட்டுக்கட்டினார்கள். வேர் ஒன்று, கிளை மற்றொன்று. இலங்கைச் செம்பட்டையில் நூற்றுக்கு இரண்டு பங்கு கொயினா கிடைத்தால் நன்று எனக் கருதிய காலத்தில், ஜாவாவின் தேர்ந்த மரங்களில் பத்துப் பங்குக்கு மேலும் கிடைத்தது. ஒரே அளவு மருந்துக்கு இலங்கைத் தோட்டம் ஐந்து மூட்டை அனுப்ப வேண்டும். ஜாவாத் தோட்டத்துக்கு ஒரு மூட்டை போதும். ஹல்துமுல்லைப் பாதையில் மாட்டுவண்டி இறங்கும் கூலியையும், கப்பற் கூலியையும், ஏலத் தரகையும் இதனோடு கூட்டிப் பார்த்தால், யார் நிலைப்பார், யார் வீழ்வார் என்பதற்குச் சோதிடம் வேண்டுவதில்லை.

இலங்கையில் நல்ல இனத்தைத் தேர்ந்து நட்டவர்களும் உண்டு. அவர்களுக்குக் குறைவாயிருந்தது காலம். கோப்பி விழுந்து வங்கி முறிந்த நாட்டில் பதினைந்து ஆண்டுகள் மரத்தைத் தேர்ந்து சோதித்துக் காத்திருக்கத் தனி மனிதரால் இயலவில்லை. அரசு செய்திருக்கக்கூடும், செய்யவில்லை. ஜாவாவில் அதனைச் செய்தது அரசுத் தோட்டம். பன்டுங் நகரத்தை அடுத்த மலைகளில் அரசே நட்டது, சோதித்தது, தேர்ந்த விதையைத் தோட்டக்காரருக்குக் கொடுத்தது. இரு தீவுகளின் விதியும் பிரிந்த இடம் இதுவென்று துணிந்து கூறலாம்.

எதிராளிகள் அகன்ற பின்னும் ஜாவாவின் தோட்டக்காரருக்கு உடனே சுகம் பிறக்கவில்லை. பட்டையை வாங்கிக் கொயினா செய்யும் தொழிற்சாலைகள் உலகில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றுட் பெரியவை பல ஜெர்மனியில் இருந்தன. அவை தமக்குள் ஒன்றுகூடிப் பட்டையின் விலையை அமுக்கி வைத்தன. விற்போர் பலராகவும் வாங்குவோர் சிலராகவும் உள்ள சந்தையில் விற்போர் நிலை எப்போதும் இரக்கத்துக்குரியதே. 1896 ஆம் ஆண்டில் பன்டுங் நகரத்திலேயே ஒரு கொயினாத் தொழிற்சாலை எழுந்தது, அந்தப் பிடியைத் தளர்த்துவதற்கான முயற்சியே. இறுதியில் 1913 ஆம் ஆண்டில் இரு சாராரும் சமாதானமாயினர். ஜாவாத் தோட்டக்காரரும் தொழிற்சாலையாரும் ஓர் உடன்படிக்கையிற் கையெழுத்திட்டு, அம்ஸ்டர்டாம் நகரத்தில் ‘கீனா பீரோ’ என்னும் காரியாலயத்தை நிறுவினர். ஒவ்வொரு தோட்டமும் எவ்வளவு பட்டை தரலாம், ஒவ்வொரு தொழிற்சாலையும் எவ்வளவு வாங்கலாம், கொயினா என்ன விலைக்கு விற்கப்படலாம் என்பவற்றை அது வரையறுத்தது. முப்பதுகளில் உலகச் சிங்கோனாப் பட்டையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஜாவாவிலிருந்தே வந்தது. அப்படியானால் அக்காரியாலயத்தின் மேசைமீது எழுதப்பட்ட விலையே உலகத்தின் விலை.

விலை உயர்ந்தால் வேறொருவர் வந்து மரத்தை நட்டுப் போட்டியிடலாமே என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் இத்தனியுரிமையின் உட்பொருள் அடங்கியுள்ளது. புதிதாக வருபவன் இன்று நட்டால் பட்டை காண ஏழெட்டு ஆண்டு வேண்டும். அதுவரை அவன் முதல் மண்ணிலே கிடக்கும். பட்டை சந்தைக்கு வரும் ஆண்டில், சேமிப்பில் வைத்திருக்கும் சரக்கை வெளியே விட்டு விலையை ஒரே மாதத்தில் வீழ்த்திவிடக் காரியாலயத்தால் முடியும். அவ்வாறு செய்யவே வேண்டியதில்லை. செய்யக்கூடும் என்ற அச்சமே போதும். இலங்கையில் விலை விழுந்து தோட்டங்கள் அழிந்த கதையை அறிந்த எந்த முதலாளி மீண்டும் அந்தச் சூதாட்டத்தில் இறங்குவான்?

ஒல்லாந்தருக்கு நியாயம் செய்யும்பொருட்டு ஒன்று கூறவேண்டும். குறைந்தபட்ச விலை ஒன்று உறுதியாக இல்லாவிடின் ஜாவாவின் மரங்களும் இலங்கை மரங்களின் வழியே போயிருக்கும். உலகம் பட்டையே இல்லாமல் நின்றிருக்கும் என்பது அவர்களுடைய வாதம். அதில் உண்மை உண்டு. நல்ல விதையை மதித்தவர்களும், தோல்வியைப் பொறுத்தவர்களும், ஆராய்ச்சிக்குச் செலவிட்டவர்களும் அவர்களே. உழைத்துப் பெற்ற முதலிடத்தை யாரும் பழிக்க முடியாது. ஆயினும் மரம் அழியாமற் காக்கும் விலை வேறு. காய்ச்சலில் நடுங்குபவனுக்கு மாற்று வழியில்லை என்பதை அறிந்து நிறுத்திவைக்கும் விலை வேறு. இரண்டுக்கும் இடையிலுள்ள கோட்டை அம்ஸ்டர்டாம் காரியாலயம் தானே வரைந்தது. வரைந்ததைத் திருத்த வேறு கை இல்லை.

இத்தகைய நிலை மருந்துக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு நம் காலத்திலேயே சான்றுண்டு. இலட்சக்கணக்கான பக்கங்களை அடக்கிவைக்கும் மின்னூற் பலகைகளை நேயர்கள் கண்டிருக்கலாம். தாளைப் போலக் கண்ணுக்கு இதமான அப்பலகையின் திரையில், கறுப்பும் வெள்ளையுமான நுண்துகள்கள் மின்விசையால் மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாகின்றன. பலகையை விற்கும் நிறுவனங்கள் பல. அமேசான், கோபோ என்று பெயர்களும் பல. திரையோ பெரும்பாலும் ஒரே நிறுவனத்திலிருந்து வருவது. 1997 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய ‘ஈ இங்க்’ என்னும் அந்நிறுவனத்தை, 2009 ஆம் ஆண்டில் அதன் திரைகளைச் செய்துவந்த தாய்வான் நாட்டு நிறுவனமே 21 கோடியே 50 இலட்சம் டொலருக்கு வாங்கிற்று. எதிராளியாக நின்ற சிப்பிக்ஸ் என்ற நிறுவனத்தையும் 2012 ஆம் ஆண்டில் வாங்கிற்று. அதே ஆண்டில் ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம் இத்துறையை விட்டு விலகிற்று. யாரையும் சிறையிலடைக்கவில்லை, சந்தையின் வாயிலைப் பூட்டவுமில்லை. கண்டுபிடிப்புரிமைகளும், தொழிற்சாலைக்கு வேண்டும் பெருமுதலும், வாங்குவோர் தொகை சிறிதாயிருப்பதும் சேர்ந்து, புதிதாக வர நினைப்பவனைத் தயங்கச் செய்கின்றன. சிங்கோனா மரத்துக்கு ஏழெட்டு ஆண்டுகள் செய்த வேலையை இங்கே இவை செய்கின்றன. நூற்பலகை இல்லாதவன் அச்சுப் புத்தகத்தைப் படிக்கலாம் என்பதே வேறுபாடு. கொயினாவுக்கு அப்படி ஓர் அச்சுப் புத்தகம் அன்று இல்லை.

கீனா பீரோவை எதிர்த்தோர் இல்லாமலில்லை. அமெரிக்க அரசு 1928 ஆம் ஆண்டில் தன் தனியுரிமைத் தடைச்சட்டத்தின்கீழ் அதன்மேல் வழக்குத் தொடுத்தது. உலக நாடுகள் சங்கத்தின் மலேரியாக் குழு, மருந்து தேவைப்படுவோர் தொகைக்கும் உலகில் செலவாகும் கொயினாவுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருப்பதை எடுத்துக் காட்டிற்று. இந்தியாவிலே டார்ஜிலிங்கின் மங்பூவிலும் நீலகிரியின் நடுவட்டத்திலும் அரசுத் தோட்டங்களும் தொழிற்சாலைகளும் காரியாலயத்தின் பிடிக்கு வெளியே நின்று கொயினா செய்தன. தமிழர் பாடுபட்ட நடுவட்டத்துத் தோட்டம் சிங்கோனாவை விடாமல் வைத்திருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. ஊவாவில் பறித்த மரத்தின் உடன்பிறப்பு அங்கே வாழ்ந்தது. ஆனால் இந்தியாவின் பரப்பை நோக்க அவை செய்த மருந்து போதுமானதன்று. எஞ்சியது ஜாவாவின் சரக்கே.

இலங்கைக்கு இதன் பொருள் என்ன என்பது 1934 ஆம் ஆண்டின் இறுதியில் விளங்கிற்று. அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. எப்போதும் பெருக்கெடுத்தோடும் களனி கங்கை, மகா ஓயா, தெதுரு ஓயா ஆகியவை வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கின. தெளிந்த தேங்குநீரில் முட்டையிடும் மலேரியா நுளம்பு கோடிக்கணக்கிற் பெருகிற்று. கேகாலை, குருநாகல் மாவட்டங்களே மிகவும் கொடுமையுற்றன. ஆண்டுதோறும் காய்ச்சல் கண்டு பழகாத ஈரவலய மக்களாதலின் அவர்கள் உடலில் எதிர்ப்பாற்றல் இல்லை. பொருளாதார மந்தத்தால் வயிற்றில் உணவும் இல்லை. ஏறத்தாழ ஐம்பத்தைந்து இலட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில், 1935 ஆம் ஆண்டு முடிவதற்குள் சுமார் எண்பதாயிரம் பேர் மாண்டனர். அரசாங்க வைத்தியசாலைகள் நிரம்பி வழிந்தன. மருந்து கொடுக்கும் நிலையங்கள் கிராமந்தோறும் திறக்கப்பட்டன. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கொயினாவும் பருப்பும் சுமந்து வீடு வீடாகச் சென்றனர். அத்தொண்டில் ஈடுபட்ட வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன முதலியோர் 1935 டிசம்பரில் இலங்கைச் சமசமாஜக் கட்சியை நிறுவியதும் வரலாறு.

அந்நாட்களில் கரண்டியால் அளந்து ஊற்றப்பட்ட கசப்பு மருந்து முழுவதும் கடல் கடந்து வந்ததே. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இத்தீவிலிருந்து ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டை ஏற்றுமதியாயிற்று என்பதை, வரிசையில் நடுங்கிக்கொண்டு நின்றவர்களுள் எவரும் நினைத்திருக்க மாட்டார்கள். இலங்கை மரங்கள் நின்றிருந்தால் எண்பதாயிரம் பேரும் பிழைத்திருப்பர் என்று கூறுவது மிகையாகும். பசியும் வறட்சியும் மருந்தின் விலைக்கு அடங்குபவை அல்ல. ஆனால் ஏழை நாடொன்று கொள்ளைநோயின் நடுவே, விலை பேசும் வலிமையின்றி ஒரே கடையின் வாயிலில் நின்றது என்பது மிகையன்று.

அக்கடையும் நிலைக்கவில்லை. 1940 ஆம் ஆண்டில் ஜெர்மானியர் அம்ஸ்டர்டாமைக் கைப்பற்றினர். 1942 மார்ச் மாதத்தில் ஜப்பானியர் ஜாவாவைப் பிடித்தனர். உலகக் கொயினாவின் ஊற்றுக்கண் ஒரே நாளில் அடைபட்டது போலாயிற்று. வெப்பநாடுகளிற் போரிட்ட நேசப்படைகள் காய்ச்சலால் துவண்டன. அமெரிக்கர் மீண்டும் அண்டீஸ் காடுகளுக்கே ஆளனுப்பி, காட்டு மரங்களின் பட்டையைத் தேடினர். சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து நின்ற கதைதான்! ஒரே இடத்தை நம்பியிருந்ததால் நேர்ந்த அந்த நெருக்கடியே, மஞ்சள் நிறமான மெப்பக்கிரின் மாத்திரையைக் கோடிக்கணக்கில் செய்யத் தூண்டிற்று. 1944 ஆம் ஆண்டில் வூட்வார்ட், டோரிங் என்னும் இரு அமெரிக்க அறிஞர் கொயினாவை ஆய்வுகூடத்திற் செய்யும் வழியைக் கண்டதாக அறிவித்தனர். போருக்குப் பின் குளோரோகுயின் என்னும் மலிவான செயற்கை மருந்து பரவிற்று. வழக்கு மன்றங்களும் உலகச் சங்கமும் தளர்த்த முடியாத பிடியை இரசாயனக் குடுவை தளர்த்திவிட்டது.

இலங்கை 1946 ஆம் ஆண்டில் வீடுகளுக்கு டி.டி.டி. தெளிக்கத் தொடங்கிற்று. 1963 ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் பதினேழு பேருக்கே மலேரியா கண்டது. சில ஆண்டுகள் கவனம் தளர்ந்ததும் அது மீண்டும் இலட்சக்கணக்கானோரைப் பற்றிற்று. நெடிய போராட்டத்துக்குப் பின், 2016 செப்டெம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. சிங்கோனாப் பட்டை இக்காலத்தில் பெரும்பாலும் ஆபிரிக்காவின் கொங்கோ நாட்டிலிருந்து வருகின்றது. அதிலிருந்து எடுக்கும் கொயினாவிற் கணிசமான பகுதி, மேனாட்டார் விருந்துகளில் பருகும் ‘டொனிக்’ என்னும் கசப்புப் பானத்துக்கே செலவாகின்றது.